சண்முகசுந்தரத்தின் கணக்குப் புத்தகம்

நாயனம் முழங்குகிறது, நாடு கேட்டு மகிழ்கிறது. ஊதியவர் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கலையைப் பற்றிப் பேசுமிடத்தில் காசைப் பற்றிப் பேசலாமா என்று முகம் சுளிக்கிறோம். இந்த முகச்சுளிப்பை நமக்குக் கற்பித்தவை எவை? நாம் போற்றிப் படித்த கதைகளும், பார்த்து மகிழ்ந்த படங்களுந்தாம் என்பது நமது எண்ணம்.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', 1968இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. சிக்கல் சண்முகசுந்தரம் வாசித்துக் கொண்டிருக்கிறான். வாணவெடி குறுக்கிடுகிறது, கூட்டம் வெடியை நோக்கி ஓடுகிறது. நாயனத்தை நிறுத்தி எழுந்து விடுகிறான் கலைஞன். எத்தனை மிடுக்கு! எத்தனை மானம்! குனிந்து நின்றே பழகிய ஒரு தொழிலாளியைத் தலைநிமிர்ந்த மனிதனாகக் காட்டிய அந்தக் காட்சியை நாமும் கைதட்டி வரவேற்கிறோம்.

கைதட்டல் அடங்கிய பின் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எழுந்து போன அந்த இரவுக்குக் கூலி வந்ததா? தவில் சுமந்து பின்னே நடந்தவருக்கும், ஒத்து ஊதியவருக்கும், தாளம் போட்டவருக்கும் படியளந்தவர் யார்? பகைவனின் கத்தி பாய்ந்து கலைஞன் மருத்துவமனையில் கிடந்த நாள்களில், அந்தக் குழுவினரின் அடுப்புகள் எரிந்தனவா? கதையின் நடுவே இந்தக் கேள்வி வந்து நிற்கவே இல்லை. மானத்தை ஓவியமாகத் தீட்டிய ஆசிரியர், மானம் உண்டு வாழும் சோற்றைத் தீட்ட மறந்தார்.

தரகன் வைத்தியைக் கண்டு சிரித்தோம். உண்மைத் தரகர் சிரிப்பூட்டுபவர் அல்லர். கைபேசியும் கையுமாகக் கல்யாண மண்டபத்து வாயிலில் நிற்பவர்; பந்தல், சமையல், மேளம் அனைத்தையும் ஒரே ஒப்பந்தமாகப் பேசி முடிப்பவர். மேளத்துக்கென்று பேசிய தொகையில் எவ்வளவு மேளக்காரரிடம் வந்து சேர்ந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

படத்தில் நாயனத்தை உதட்டில் வைத்தவர் சிவாஜி கணேசன். ஊதியவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நடித்தவரைத் தமிழகமே அறியும். ஊதியவர்களின் பெயரைக் கேட்டால் விடை சொல்வோர் எத்தனை பேர்?

கதையை விட்டு ஊருக்கு வருவோம். நாம் வாழும் திருவண்ணாமலை, சந்தக் கவி அருணகிரிநாதரின் பெயரோடு பிணைந்த ஊர். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்து நாளும் மேளம் ஓயாது. முகூர்த்த மாதங்களிலும் ஓயாது. ஆண்டுக்கோ நாள் 365! ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமில்லை, புரட்டாசியிலும் அருமை. முழுநிலா நாளில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி மக்கள் வெள்ளம் நடக்கிறது. காதில் விழுவதோ ஒலிபெருக்கிப் பாட்டு. தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் மின்மேளம் வந்துவிட்டது. விசையைத் தட்டினால் முரசும் மணியும் தாமே அதிரும். பசிக்காத பணியாளன்! பொங்கலுக்குப் புத்தாடை கேட்காத பணியாளன்!

செலவு மட்டும் குறைவதில்லை. சீவாளி தேயும், தவிலின் தோல் கிழியும், பல் விழுந்தால் நாயனக்காரரின் தொழிலும் விழும். நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்கிறோம். கருவிக்குக் கிடைத்த காப்பு, அதனை ஊதும் மூச்சுக்கு எப்போது?

நம் வகுப்பில் தவில் கலைஞர் ஒருவரின் மகன் படிக்கிறான். பலகையில் அவன் விரல் பட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். "ஐயா, அரசு இசைப்பள்ளியில் சேரட்டுமா? அப்பா வேண்டாம் என்கிறார்" என்றான் ஒருநாள். தந்தையை அழைத்துப் பேசினோம். "இவனாவது மாதச் சம்பளம் பார்க்கட்டும் சார்" என்றார் அவர், காய்த்துப்போன விரல்களைப் பார்த்தபடி. மாதந்தோறும் சம்பளம் வாங்கும் நாம் வாயடைத்து நின்றோம்.

இசைக்கு ஊதியம் வகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடல் மகளிர் நானூற்றுவர்க்குத் தலைக்கு ஒரு பங்கும், நட்டுவர்க்கு இரண்டு பங்கும் வகுத்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எனக் கல்லில் வெட்டி வைத்தான். எனினும் அந்தப் பழமைக்குத் திரும்புக என்று நாம் சொல்லவில்லை. உரியவர் மறைந்தால் அவர் உறவினரே பணி செய்க என்ற அந்த ஏற்பாடு, நெல்லோடு பிறப்பென்னும் தளையையும் சேர்த்தே அளந்தது. அளவு வேண்டும், தளை வேண்டா!

தளையை அறுத்த வரலாறும் நம்முடையதே. செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில், தோளில் கிடந்த துண்டை எடு என்று நாயனக் கலைஞர் சிவக்கொழுந்தைச் செல்வர்கள் அதட்டியபோது, எடுக்காதே என்று உடன் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. நின்று ஊதிய மரபை மாற்றி மேடையில் அமர்ந்து வாசித்தவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956). அவர்களால் தோளில் துண்டு ஏறியது. அந்தத் துண்டின் முனையில் முடிந்து வைக்கக் காசுதான் இன்னும் ஏறவில்லை.

ஏற வழியில்லையா? உண்டு. தொகையைத் தரகரிடமன்றிக் கலைஞரிடமே எழுத்தில் பேசி, முன்பணம் தரலாம். மின்மேளம் வைத்த கோயிலில் மாதச் சம்பளத்துக்கு ஆள் அமர்த்தலாம். இசைப்பள்ளியில் தேறியவரைப் பள்ளிகள்தோறும் ஆசிரியராக்கலாம். ஆடிக்கும் மார்கழிக்கும் அந்தச் சம்பளம் சோறு போடும். கலைஞர்களும், தை மாத வருவாயில் ஒரு பகுதியைக் குழுவின் பொதுநிதியாக ஒதுக்கலாம். நலிந்த கலைஞர்க்கு அரசு தரும் உதவித்தொகையை வரவேற்கிறோம். ஆனால் அது நலிந்த பின் தரும் மருந்து. நலியாமல் காக்கும் உணவு அன்று.

சண்முகசுந்தரத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும் புதினம் ஒன்று தமிழில் வரவேண்டும். வரவும் செலவும், கடனும் வட்டியும், வேலையில்லாத ஆடி மாதமும் அதிலே இருக்க வேண்டும். எழுத வல்லார் எழுதுக!

நம் மாணவனுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. மறுநாள் அவனிடம் சொன்னோம்: "சேர், தம்பி. அப்பாவிடம் மீண்டும் பேசுகிறோம். ஆனால் கூலியை வாய்விட்டுக் கேட்கவும் கற்றுக்கொள். அதில் வெட்கம் இல்லை." அவன் தலையசைத்தான். அவன் கேட்கும் நாளில் முகம் சுளிக்காமல் கொடுக்க நாம் கற்றுக்கொண்டோமா?