ஈயமும் இரவுகளும்

லூசியன் ஃப்ராய்டின் நிர்வாண ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அந்த உடல்களின் தளர்வைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கண்ணில் முதலில் படுவது ஈயம். 1970களின் நடுவில் அவர் கையிலெடுத்த 'கிரெம்னிட்ஸ் வெள்ளை' ஓர் ஈய வெள்ளை. கனமானது, எண்ணெயில் குழைத்தாலும் வழுவழுப்பாகாமல் குறுணை குறுணையாக நிற்கும். அதைச் சதை வரையும்போது மட்டுமே பயன்படுத்தினார். 1950களின் பிற்பகுதியிலேயே மென்மயிர்த் தூரிகையை விட்டுப் பன்றிமயிர்த் தூரிகைக்கு மாறியிருந்தார், உட்கார்ந்து வரைவதையும் விட்டிருந்தார். ஒவ்வொரு தீற்றலுக்கும் தூரிகையைத் துடைத்து, நிறத்தைப் புதிதாகக் குழைப்பார். துடைத்த துணிகள் அறையில் மலையாகக் குவியும். அந்தக் குவியலே 1988–89இல் வரைந்த ஓர் ஓவியத்தில் மாடலின் பின்னணியானது.

இந்த உழைப்பின் பலன் அருகே போனால் தெரியும். தோலுக்கென்று ஒரு நிறம் அங்கே கிடையாது. முழங்காலில் சாம்பல், அடிவயிற்றில் மஞ்சள், நரம்பு ஓடும் இடத்தில் நீலம் என்று தனித்தனியாகப் பார்க்கப்பட்டு வைக்கப்பட்ட திட்டுகள், நாம் பின்வாங்கும்போது ஓர் ஆளாகக் கூடுகின்றன.

அதற்கு நாள் பிடிக்கும். 2007இல் முடித்த 'ரியா' நிர்வாண ஓவியத்துக்கு 16 மாதங்கள் ஆயின. அந்தப் பெண் வராத மாலைகள் நான்கே. ஒரு நாளைக்குச் சராசரி ஐந்து மணி நேரம், மொத்தம் ஏறத்தாழ 2,400 மணி நேரம். பின்னணியை வரையும்போதும் மாடல் எதிரே இருக்க வேண்டும் என்பார் ஃப்ராய்டு. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. எந்த உடலும் முதல் வாரத்தில் நடிக்கும். மாதங்கள் போகப் போகத்தான் பார்க்கப்படுவதை மறக்கும். 1995இல் வரைந்த 'உதவித்தொகை மேற்பார்வையாளர் உறங்குகிறார்' படத்தில் சூ டில்லி அப்படித்தான் சோபாவில் தன் முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டுக் கிடக்கிறார்.

அதே பிடிவாதம் பிற்கால ஓவியங்கள் சிலவற்றைக் கெடுத்தும் இருக்கிறது. திருத்தித் திருத்திப் பூசியதில் ஈயம் முகத்தில் பொருக்காகத் தடித்து, கண்ணும் வாயும் அதில் புதைந்துபோகின்றன. பார்த்து வைத்த வண்ணம் எது, கைப்பழக்கத்தில் விழுந்தது எது என்று அங்கே பிரிக்க முடிவதில்லை.

என்னை அதைவிட உறுத்துவது கூலி. சூ டில்லி, அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் பணியாற்றியவர். ஒன்பது மாதம் படுத்துக் கிடந்ததற்கு அவர் பெற்றது நாளொன்றுக்குச் சுமார் 20 பவுண்டு. 2008இல் அந்தப் படம் 3.36 கோடி டாலருக்கு ஏலம் போனது. உயிரோடிருந்த ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை கிடைத்திராத விலை. அந்த நாட்களைப் பற்றி சூ டில்லி பாசத்தோடுதான் பேசியிருக்கிறார், விரும்பித்தான் போனார். விரும்பிச் செய்ததாலேயே ஒரு வேலை வேலையில்லை என்றாகிவிடுமா? தலைப்பில்கூட அவருடைய அலுவலக உத்தியோகம்தான் இருக்கிறது. சோபாவில் அவர் பார்த்த வேலை உறக்கமாகிவிட்டது.

ஈயத்துக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. ஈய வெள்ளைத் தொழிற்சாலைகளில் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைப் பெண்கள் நஞ்சேறி வீழ்ந்தார்கள். கட்டடங்களுக்கு வண்ணம் பூசியவர்களுக்கு வயிற்றைப் பிசையும் வலி வந்தது, மணிக்கட்டு துவண்டு தொங்கியது. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை இயற்றி, கட்டட உட்பூச்சில் ஈய வெள்ளையைத் தடுத்தது. கலை ஓவியத்துக்கு அதில் விலக்களித்தது. ஓவியர் தானே அந்த ஆபத்தை ஏற்கிறார் என்பது நியாயம்தான். ஆனால் ஈயத்தை உருக்கி, வெள்ளையை அரைத்து, குழாயில் அடைப்பவர் ஓவியர் அல்லவே.

அருங்காட்சியகச் சுவரில் இத்தனைக்கும் மூன்றே சொற்கள்: 'கித்தானில் எண்ணெய் வண்ணம்'. எண்ணெயையும் துணியையும் குறிப்பிடுகிறவர்கள் அதற்குக் கீழே '2,400 மணி நேரம்' என்றும் எழுதட்டும்.