மொனொனொகே: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு முதல் பார்வை

மொனொனொகே, 2007 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் 'நொய்டமினா' என்னும் பின்னிரவுப் பகுதியில் ஒளிபரப்பான அமானுஷ்ய அனிமே தொடர். 12 அத்தியாயங்களில் ஐந்து கதைகள். இயக்கியவர் கெஞ்சி நகமுரா, பாத்திரங்களை வடிவமைத்தவர் தகாஷி ஹஷிமோட்டோ, தயாரிப்பு டோய் அனிமேஷன். 2006-இல் வந்த 'அயகாஷி' என்ற பேய்க்கதைத் தொகுப்பின் கடைசிக் கதையிலிருந்து இது கிளைத்தது. ஹயாவோ மியசாகியின் 'இளவரசி மொனொனொகே' (1997) படத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. மொனொனொகே என்பது மனிதரைப் பற்றி வருத்தும் ஆவியைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல். கெஞ்சி கதையில் உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் பொறாமையே அப்படிப் பிரிந்து போய் இன்னொருத்தியை வருத்துகிறது.

டோரேமானையும் சின்சானையும் தமிழ்க் குரலில் கேட்டு வளர்ந்த கண்ணுக்கு இந்தத் தொடரின் முதல் சில நிமிடங்கள் பிடிபடுவதில்லை. படத்தின் மேல் முழுக்க ஒரு காகித இழை ஓடுகிறது. ஜப்பானியக் கைத்தாளில் அச்சிட்ட மர அச்சுப் படங்கள் எழுந்து நடப்பதுபோல் இருக்கிறது. நிழல் கிடையாது. தூரமும் கிட்டமும் ஒரே தட்டையில் கிடக்கின்றன. சுவரின் பூவேலைப்பாடும் அதன் முன் நிற்பவரின் உடையிலுள்ள பூவேலைப்பாடும் கலந்து, ஆள் எங்கே முடிகிறார் சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது. காட்சி மாறும் இடங்களில் தள்ளுகதவுகள் சட்டென்று மூடித் திறக்கின்றன. பயமுறுத்தும் தொடர் என்றால் இருட்டு இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவருக்கு, இங்கே கிடைப்பது கண் கூசும் வண்ணம். திகில் அந்த வண்ணத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் அலங்காரமா என்ற கேள்வி முதல் கதையிலேயே எழும். விடை, நாயகனின் வாளில் இருக்கிறது. பெயர் சொல்லாத ஒரு மருந்து வியாபாரி ஊர் ஊராகப் போகிறான். அவனிடம் பேயை அறுக்கும் வாள் ஒன்று உண்டு; ஆனால் அதை நினைத்தபோது உருவ முடியாது. மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: வந்திருப்பது எது என்ற உருவம், நடந்தது என்ன என்ற உண்மை, எந்த மனநிலையில் அது நடந்தது என்ற காரணம். ஒவ்வொன்றும் வெளிப்படும்போது வாளின் தலைப்பிடியிலுள்ள முகம் பல்லைக் கடிக்கும். ஆகவே கதை முழுக்கச் சண்டையை விட விசாரணையே அதிகம். அறைக்குள் மாட்டிக்கொண்டவர்களை அவன் திரும்பத் திரும்பக் கேட்கிறான், அவர்கள் மழுப்புகிறார்கள். பார்ப்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். வண்ணமும் கோலமும் நிறைந்த ஒரு பரப்பு முன்னால் விரிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது. மேற்பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல் எதுவும் தெரியாது.

முதல் கதையான 'சஷிகி வராஷி' இதற்கு நல்ல சான்று. மழை இரவில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சத்திரத்தில் அடைக்கலம் கேட்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் அறையின் சுவர்கள் திருவிழாப் பந்தல்போல் பளபளக்கின்றன. அந்தச் சத்திரம் முன்பு விலைமகளிர் விடுதி. பிறக்க விடாமல் அழிக்கப்பட்ட கருக்களின் கணக்கு அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் அதே அறையைத் திரும்பிப் பார்த்தால் அந்தச் சிவப்பு வேறாகத் தெரியும்.

தொடரின் இதயம் என்று சொல்லத்தக்கது 3 முதல் 5 வரையான அத்தியாயங்களில் வரும் 'உமிபோசு', அதாவது கடல் துறவி. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் உள்ள பெரியதாழை போன்ற ஒரு கடலூரில் இருந்து பார்ப்பவருக்கு இந்தக் கதை மற்ற நான்கையும்விட நெருங்கி வரும். (கதையின் முடிவு கீழே வெளிப்படையாகப் பேசப்படுகிறது, அறிய விரும்பாதவர்கள் மூன்று அத்தியாயங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.)

வணிகக் கப்பல் ஒன்று வழி தவறி, போனவை திரும்பாத கடற்பரப்புக்குள் நுழைகிறது. கப்பலின் உட்புறம் ஓவியர் குஸ்டவ் கிளிம்டின் பொன் சுருள்களை நினைவூட்டும்படி வரையப்பட்டிருக்கிறது. பயணிகளில் வியாபாரி, சாமுராய், வேலைக்காரப் பெண், மந்திரவாதி, கெங்கெய் என்ற முதிய துறவி, அவருடைய சீடன் ஆகியோர் உண்டு. கடலிலிருந்து மீன் முகம் கொண்ட ஒரு பாணன் ஏறி வந்து, நரம்புக் கருவியை மீட்டியபடி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: உனக்கு எதைக் கண்டால் பயம்? மருந்து வியாபாரி சொல்லும் அச்சம் குறிப்பிடத்தக்கது. உருவமும் உண்மையும் காரணமும் இல்லாத ஓர் உலகம்தான் அவனுடைய பயம்.

மந்திரவாதியைத் தொடர் பாதி கேலியாகவே நடத்துகிறது. முத்துக்குளித்துறை வாசகர் அவ்வளவு எளிதில் சிரித்துவிட மாட்டார். 1961-உடன் நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பு வரலாற்றில் 'கடல்கட்டி' என்ற பதவி உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். அவர் இல்லாமல் குளியாளிகள் நீரில் இறங்க மாட்டார்கள் என்பதால் வெள்ளை அரசாங்கமே அவரை ஏற்றுக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்போதைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்பதை வியந்து குறித்திருக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு பல பாகம் ஆழத்துக்குப் போகிறவனுக்கு மந்திரம் தைரியத்தின் ஒரு பகுதி. தொடரில் வரும் மந்திரவாதி வாயாடி. ஆனால் கப்பலில் உள்ளவர்கள் அவனைத் தூக்கிக் கடலில் போடாததற்கும் அதே காரணம்தான்.

கடல் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதற்குக் கெங்கெய் சொல்லும் பதில்: ஐம்பது ஆண்டுகளுக்கு முன், இந்தக் கடலை அமைதிப்படுத்த அவரைப் பலியிட ஊர் முடிவு செய்தது. அவருக்குப் பதிலாகத் தங்கை ஓயோ, குடைந்து மூடப்பட்ட மரக்கலத்தில் அடைக்கப்பட்டு மிதக்க விடப்பட்டாள். அவளுடைய ஆவிதான் உமிபோசு என்று அவர் நம்புகிறார்; அவளுக்காக அழுகிறார்.

கடல் ஓர் உயிரை வாங்கினால் இன்னோர் உயிரை விடும் என்ற இந்தக் கணக்கு கதாசிரியர்களின் கற்பனை மட்டும் அல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஒரு சீனக் கப்பலில் ஜப்பானின் ககோஷிமாவுக்குப் போனார். அங்கிருந்து அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய கடிதத்தில் வழியில் நடந்ததைச் சொல்கிறார். சவேரியாருடன் வந்த சீனர் ஒருவர் கப்பலின் அடிக்கிடங்கில் விழுந்து பிழைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் கப்பல் தலைவனின் மகள் கடலில் விழுந்து இறந்தாள். கப்பலில் இருந்த தெய்வச் சிலையிடம் சீட்டுப் போட்டுக் கேட்டபோது, அந்த ஆள் செத்திருந்தால் பெண் செத்திருக்க மாட்டாள் என்று பதில் வந்ததாம். மணப்பாட்டுக் குகையில் தங்கி ஜெபித்த அதே மனிதர் எழுதியது இது. ஓயோவின் கதையைப் பார்க்கும்போது இந்தக் கடிதம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆனால் மருந்து வியாபாரி கெங்கெயின் பதிலோடு நின்றுவிடவில்லை. கப்பலுக்கு அருகில் அந்த மரக்கலம் மிதந்து வருகிறது. உள்ளிருந்து நகத்தால் பிறாண்டும் ஓசை கேட்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஓயோ யாரையும் பழிவாங்க வரவில்லை. அண்ணன் மேல் கொண்ட காதலால் அவளே விரும்பிப் போனாள். அவள் போனபோது கெங்கெய் அடைந்தது துக்கம் அல்ல, நிம்மதி. அந்த நிம்மதியைத் துக்கம் என்று ஐம்பது ஆண்டுகள் தனக்கே சொல்லிக்கொண்டார். பொய்யை ஏற்காத மனத்தின் பாதி உடைந்து போய்க் கடலில் பேயானது. அடக்க வேண்டியது அவரைத்தான்.

வெறும் மரக்கலம் என்பது கடலூரில் வெறும் உருவகமாக நிற்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபின் குமரி மாவட்டக் கடற்கரையில் உடல் கிடைக்காமலே பூசை வைத்த வீடுகள் உண்டு. பெட்டிக்குள் ஒன்றும் இல்லாத சாவு அது. அந்தக் காட்சியில் தொடர் இசையை நிறுத்திவிட்டுப் பிறாண்டல் ஒலியை மட்டும் விடுவது, இதுவரை அனிமேயில் வந்த பேய்க்காட்சிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

பிறகு வருவதுதான் சிக்கல். வாள் வீசப்படுகிறது, கெங்கெயின் பேய்ப்பாதி நீங்குகிறது, கிழவர் இளைஞராகிறார். அழகான, அமைதியான முகம். கப்பலில் இருப்பவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஓயோவுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. உண்மை பேசப்பட்டது, பேசியவர் தூய்மையானார், மூழ்கியவள் மூழ்கியவளாகவே இருக்கிறாள். இயக்குநர் இதைத் தெரிந்தே செய்தாரா என்பதில் இரண்டு கருத்துக்கு இடம் உண்டு. அந்த முகத்தின் அழகு சற்று மிகையாக வரையப்பட்டிருப்பதால், பார்ப்பவருக்கு அது உறுத்த வேண்டும் என்றே வரைந்திருக்கலாம். அப்படியானாலும் உறுத்தலைத் தீர்க்கும் பொறுப்பைத் தொடர் ஏற்கவில்லை.

பெரியதாழையின் மணலைத் தாண்டித் தேரிக்காட்டுப் பக்கம் உள்ளே போனால் இதே பொருளை வேறு விதமாகக் கையாளும் ஒரு கலை இருக்கிறது. சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டு அது. அங்கும் அநியாயமாக இறந்தவரின் கதைதான். அங்கும் உருவம், உண்மை, காரணம் மூன்றும் வேண்டும்: இது எந்தத் தெய்வம், எப்படிக் கொல்லப்பட்டது, ஏன் இன்னும் கோபமாக இருக்கிறது. புலவர் வில்லைத் தட்டிப் படிப்படியாகச் சொல்லிவர, சாவைப் பாடும் இடத்தில் சாமியாடிக்கு அருள் வருகிறது. இந்தப் பாடல்களைப் பற்றி 1988-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் பிரித்துக் காட்டி, கொடையின் உச்சம் இறப்புக் கதையில்தான் கூடுகிறது என்கிறார். ஆனால் கதை முடிந்ததும் யாரும் வாளை உருவுவதில்லை. இறந்தவருக்குப் பீடம் உண்டு, படையல் உண்டு, அடுத்த ஆண்டும் கொடை உண்டு. நீலி பழிவாங்கியபின் விரட்டப்படவில்லை, இசக்கியாகக் குடியேற்றப்பட்டாள். ஊர் அவளோடு சேர்ந்து வாழப் பழகிக்கொண்டது. மொனொனொகேயில் உண்மை தெரிந்ததும் பேய் அழிகிறது, மருந்து வியாபாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறான். விசாரணை முறை ஒன்றுதான், தீர்ப்புதான் வேறு. இந்த இடத்தில் வில்லுப்பாட்டின் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கிறது.

மற்றக் கதைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 'நொப்பெராபோ' நாடக மேடைபோல் அமைந்த, வேண்டுமென்றே குழப்பும் கதை. முதல் முறையில் பாதிதான் விளங்கும். 'நுவே' தூபக் கட்டைகளை முகர்ந்து அடையாளம் காணும் போட்டியைப் பற்றியது. கிட்டத்தட்டக் கறுப்பு வெள்ளையில் நகர்ந்து, மணம் பரவும் கணத்தில் மட்டும் வண்ணம் ஏறுகிறது. வரைகலையில் ஐந்தில் இதுவே துணிச்சலானது. குறையும் ஒன்று எல்லாக் கதைகளுக்கும் பொது. பேச்சு மிக அதிகம். கீழே ஓடும் வசன வரிகளைப் படித்து முடிப்பதற்குள் மேலே இருக்கும் ஓவியம் போய்விடுகிறது.

கடைசிக் கதையான 'பக்கெனெகோ' காலம் தாண்டி, சுரங்க ரயில் ஓடும் நவீன நகரத்துக்கு வருகிறது. பெண் பத்திரிகையாளர் ஒருவரின் சாவு தற்கொலை என்று மூடப்பட்டிருக்கிறது. ஒரே பெட்டியில் அடைபட்ட பயணிகள் ஒவ்வொருவரும் அந்தச் சாவில் ஒரு சிறு பங்கு உடையவர்கள். பொய் சொன்னவர், கண்டும் சொல்லாதவர், அவசரமாகக் கோப்பை முடித்தவர். தெருவில் போகிற மற்றவர்கள் எல்லாம் துணிக்கடை பொம்மைகளாக வரையப்பட்டிருக்கிறார்கள். பலியிடும் ஊர், சீட்டுப் போடும் கப்பல் எதுவும் இங்கே இல்லை. ஆனாலும் கெங்கெயின் கப்பலில் இருந்த அதே நிம்மதி இந்தப் பெட்டியிலும் உட்கார்ந்திருக்கிறது.

2024 ஜூலையில் நகமுராவின் இயக்கத்திலேயே முதல் திரைப்படமும், 2025 மார்ச்சில் இரண்டாவதும் வெளிவந்தன. படங்களில் கோலங்கள் இன்னும் நெருக்கமாகிவிட்டன, வேகமும் கூடிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடரிலிருந்தே தொடங்குவது நல்லது. அதிலும் கடல் துறவியின் மூன்று அத்தியாயங்களை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, மறுநாள் வசன வரிகளை நிறுத்தி ஒருமுறை பார்க்கலாம். அப்போது கெங்கெயின் புதிய முகத்தைவிட அந்த மரக்கலத்தின் உட்புறம்தான் கண்ணில் அதிக நேரம் நிற்கும்.