நோன்பு மாதமும் புரோட்டீன் டப்பாவும்

ரமலான் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு ஜிம்களில் முஸ்லிம் இளைஞர்கள் பலரின் பயிற்சி நேரம் இரவுக்கு மாறிவிடுகிறது. தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகையை முடித்துவிட்டு பத்து மணிக்கு மேல் வருகிறார்கள். பையில் தொப்பியோடு ஷேக்கரும் இருக்கிறது. 13 மணி நேரத்துக்கு மேல் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தால் வளர்த்த தசை கரைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சப்ளிமென்ட் டப்பாக்கள் விற்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

பயம் பெரும்பாலும் மிகையானது. துனிசியாவில் 16 பாடிபில்டர்களை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினர் பகலில் நோன்போடு பயிற்சி செய்தனர். மறு பிரிவினர் இரவில் சாப்பிட்ட பிறகு செய்தனர். மாத முடிவில் இரு பிரிவிலும் உடல் எடையோ தசையின் அளவோ மாறியிருக்கவில்லை.

சப்ளிமென்ட் பற்றி மார்க்கச் சட்டத்தில் குழப்பம் இல்லை. வாய்வழியே உட்கொள்ளும் பவுடரும் மாத்திரையும் பகலில் நோன்பை முறிக்கும். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி, சிகிச்சைக்கான ஊசிகளால் நோன்பு முறியாது என்றது. சத்து ஏற்றும் ஊசிக்கும் டிரிப்புக்கும் அந்தச் சலுகையைத் தரவில்லை. போட்டி வீரர்களுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதியும் உண்டு: மருத்துவமனைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் டிரிப் ஏற்றக் கூடாது. ஆக, சப்ளிமென்டுக்கு இரவு மட்டுமே மிச்சம்.

அந்த இரவில் இரண்டு பொருள்களுக்குப் பயன் உண்டு. ஒன்று கிரியேட்டின். தினம் 3 முதல் 5 கிராம் போதும். தசையில் சேமிப்பாகத் தங்குவதால் எந்த நேரத்தில் எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அது உடலை வறளச் செய்யும் என்ற பேச்சுக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இரண்டாவது புரதப் பொடி. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 98 கிராம். முட்டையிலேயே எடுப்பதென்றால் 16 முட்டை. இரண்டு வேளைச் சாப்பாட்டில் இந்த அளவை எட்டுவது சிரமம்தான். அங்கே ஒரு ஸ்கூப் கைகொடுக்கும்.

குறைகள் இதைவிடக் கனமானவை. பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ-வொர்க்அவுட் பவுடர்கள் பலவற்றில் ஒரு ஸ்கூப்புக்கு 200 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்தவருக்கு, சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவுக்கு எழும் நேரத்திலும் கிட்டத்தட்ட பாதி காஃபின் ரத்தத்தில் இருக்கும். ரமலானில் ஏற்கெனவே துண்டுபட்டுக் கிடக்கும் தூக்கத்தை அது இன்னும் கெடுக்கிறது.

அடுத்தது நம்பகம். இந்தியாவில் விற்கும் 36 புரதத் தயாரிப்புகளைச் சோதித்து கேரள மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. கேப்சூல் உறையின் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதும் நோன்பாளி பார்த்தாக வேண்டிய விஷயம்.

மூன்றாவது குறை, டப்பா சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. அரிசி, பாசிப்பருப்பு, கறி, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சும் நோன்புக் கஞ்சி தண்ணீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் ஒரே கோப்பையில் தருகிறது. அதை ஒதுக்கிவிட்டு ஷேக் குடிப்பவருக்கு நஷ்டமே மிச்சம்.

நோன்போடு ஆடுவது, நோன்பைத் தள்ளிவைப்பது என இரு வழியிலும் பெரிய வீரர்கள் நடந்திருக்கிறார்கள். கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் நோன்போடு ஆடி, அமெரிக்க என்பிஏவின் அந்த மாதத்துச் சிறந்த வீரரானார். 2012 ரமலானில் லண்டன் ஓவல் மைதானத்தில் 311 ரன் குவித்த தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா, பயணிக்கான சலுகையைப் பயன்படுத்தி நோன்பை ஊர் திரும்பிய பிறகு வைப்பதாகத் தள்ளிவைத்தார். மார்க்கமே இப்படி வழிவிட்டிருக்கும்போது, பவுடரை நம்பி உடலை வதைக்க வேண்டியதில்லை.

எனவே ஆரோக்கியமான நோன்பாளிக்குக் கிரியேட்டினும், சாப்பாட்டில் குறையும் அளவுக்கு மட்டும் புரதப் பொடியும் சரி. பிரீ-வொர்க்அவுட்டையும் கொழுப்பைக் கரைப்பதாக விற்கும் ஃபேட் பர்னரையும் இந்த ஒரு மாதம் தொடவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த டப்பாவையும் திறக்கக் கூடாது.