மதுரம் என்னும் நகைக் கலைஞர்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தார். அதன் நிலைக்களன்களாக அவர் கூறும் நான்கனுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். தமிழ்த் திரைப்படம் பெண்ணுக்குப் பெரிதும் வழங்கியது பேதைமையையே. எள்ளும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டவர் டி. ஏ. மதுரம். எனினும், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் துணைவியார் என்ற அளவிலேயே அவரைக் கூறி அமைவாரே பலர். இம்மதிப்பீடு ஏற்புடையதன்று.

திருவரங்கத்திற் பிறந்த அம்மையார் 'இரத்னாவளி' (1935) வாயிலாகத் திரைக்கு வந்தார். மறு ஆண்டு 'வசந்தசேனா' உருவாகும்போது பூனாவிற் கிருஷ்ணனை மணந்தார். 'அம்பிகாபதி', 'சிவகவி', 'ஹரிதாஸ்' எனப் படங்கள் தொடர்ந்தன. அவ்விணையின் நகை பிறந்தவாறே ஆராயத்தக்கது. கிருஷ்ணன் புதுமை பேசுவார். மதுரம் ஐயுறுவார், மறுப்பார், கேலி செய்வார். 'நல்லதம்பி' (1949) படத்தில் விஞ்ஞானத்தைப் போற்றும் இருவர் பாடலில், ஆடவனின் பெருந்திட்டங்களுக்கு எதிரே அடுக்களைத் தேவைகளை நிறுத்துபவர் அவரே. அம்மறுமொழி இல்லையேல் அப்பாடல் வெறுஞ் சொற்பொழிவாய் முடிந்திருக்கும்.

அமெரிக்க ஊமைப்பட நடிகை மேபல் நார்மண்டும் இவ்வாறே பிறர் நிழலில் வைத்து எண்ணப்பட்டவர். 1914இல் சாப்ளின் அவருடைய இயக்கத்தில் நடித்தார் என்பதைச் சாப்ளினின் அன்பருட் பலரும் அறியார். விந்தை யாதெனில், இருவர் வாழ்விலும் ஒரு கொலைவழக்கு குறுக்கிட்டது. 1922இல் இயக்குநர் டெய்லர் கொலையுண்டார். நார்மண்டு மீது குற்றம் சாட்டப்படாதபோதும், பத்திரிகைகளின் அலர் அவர் புகழைக் குலைத்தது. 1930இல் காசநோயால் மறைந்தார்.

மதுரத்துக்கு நேர்ந்தது இலட்சுமிகாந்தன் வழக்கு. 1944இற் கைதான கிருஷ்ணன் ஆயுள் தண்டனை பெற்றார். வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1947இல் அவர் விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் மதுரம் எஸ். வி. சகஸ்ரநாமத்துடன் நாடகசபையை நடத்தினார். அச்சபையின் 'பைத்தியக்காரன்' 1947இற் படமாகவும் வந்தது. கணவர் சிறையிலிருக்கச் சபையை அழியாது காத்தவரை வெறுந் துணைவி என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு குறையும் கூறல் வேண்டும். நார்மண்டு பெயராலேயே ஒரு படநிறுவனம் இருந்தது. 'மிக்கி' (1918) முழுவதும் அவரைச் சுற்றியே இயங்கியது. மதுரத்தின் நகையோ பெரும்பாலும் கதையோடு ஒட்டாத கிளைப்பகுதிகளிலேயே ஒதுங்கிற்று. அவரை நடுவணாகக் கொண்ட கதையொன்று எழுதத் தமிழ்ப் படவுலகம் முன்வந்திலது. 1974இல் அவர் மறையும் வரையிலும் அக்கடன் தீரவில்லை.