பட்டியலில் விடுபட்ட பெண்கள்

சட்டமும் ஒரு பிரதிதான். அது சொல்வதோடு சொல்லாமல் விடுவதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நான் வாசிக்க எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் 1974 வர்த்தகச் சட்டத்தில் உள்ள பொது முன்னுரிமைத் திட்டம். 2020 முடியும்வரை வளரும் நாடுகளின் பொருள்களைச் சுங்க வரியில்லாமல் அனுமதித்த ஏற்பாடு இது. இதற்கான உலக உடன்பாடு 1968இல் புதுதில்லியில் கூடிய ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டில் உருவானது.

முதல் விடுபடல் பொருள்களில். உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்படும் என்று துணி, ஆயத்த ஆடை, காலணி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை வெளியே நிறுத்தினார்கள். பெண்கள் திரளாக வேலை செய்வது இவற்றில்தான். திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் செய்யாறு சிப்காட்டுக்குப் போகும் பெண்கள் தைக்கும் விளையாட்டுக் காலணிக்கு இந்தச் சலுகை இருந்ததில்லை. இல்லாத சலுகையை நிறுத்திவிடுவோம் என்று எந்த முதலாளியையும் மிரட்ட முடியாது. 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபின் வங்கதேசத்தின் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. ஆடை ஆலைகளுக்கு அது உறைக்கவே இல்லை.

இரண்டாவது விடுபடல் உரிமைகளில். சலுகை பெறும் நாடு தொழிலாளர் உரிமைகளைப் பேண வேண்டும் என்று 1984இல் சேர்த்தார்கள். சங்கம் அமைப்பது, கூட்டுப் பேரம், கட்டாய உழைப்புக்குத் தடை, குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது, கூலியும் வேலை நேரமும் பாதுகாப்பும் என்று ஐந்து. சம ஊதியம் இல்லை. பாகுபாடு ஒழிப்பும் இல்லை. இதை மறதி என்று விட்டுவிட முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951இலும் 1958இலும் இவற்றுக்கு உடன்படிக்கைகளே கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 விதிமுறை அவ்விரண்டையும், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எழுத நினைத்தால் எழுதலாம்.

மூன்றாவது விடுபடல் சலுகையைப் பறித்த விதத்தில். 2019 ஜூன் 5 அன்று இந்தியா பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தொழிலாளர் உரிமை அதற்குக் காரணம் அல்ல. அமெரிக்கப் பால் தொழிலும் மருத்துவக் கருவித் தொழிலும் இந்தியச் சந்தை தங்களுக்குத் திறக்கவில்லை என்று மனுக் கொடுத்திருந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் விடியுமுன் மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றும் பெண்ணின் பிழைப்பு அங்கே பேரப்பொருள் ஆனது. தில்லி மறுத்ததும் அவள் உழைப்பை முன்வைத்து அல்ல. மாட்டிறைச்சி கலந்த தீவனம் மத உணர்வுக்கு ஒவ்வாது என்று சொல்லித்தான். மாட்டின் தீவனம் விவாதமானது. மாட்டைப் பராமரிப்பவள் ஆகவில்லை.

சலுகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரி குறைந்தால் வேலை வரும். வேலை வந்தால் ஒரு பெண் கையில் காசு புரளும். அந்தக் காசு எவ்வளவு, சூப்பர்வைசரை எதிர்த்துக் கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா என்பதை ஒப்பந்தத்தின் வாசகமும் தீர்மானிக்கிறது. அதனால் மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த வர்த்தக ஒப்பந்தம் வெளியாகும்போது அதைப் பொருளாதாரத் துறைக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பொருள் உள்ளே, எந்த உரிமை வெளியே, புகார் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று வரிவரியாக வாசியுங்கள்.