கணக்கில் வராத கூலி

2018 ஏப்ரலில் 65ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தபோது, சிறந்த படத்துக்கான தங்கத் தாமரை ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ என்ற அஸ்ஸாமியப் படத்துக்குப் போனது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் ரீமா தாஸ் என்ற ஒருவரே. படத்தொகுப்பு விருதும் அவருக்குத்தான். படப்பிடிப்புத் தளத்தில் ஒலி பதிந்ததற்கான விருதை அவருடைய உறவுப்பெண் மல்லிகா தாஸ் வாங்கினார். அஸ்ஸாமில் சாய்கானுக்குப் பக்கத்திலுள்ள, ரீமாவின் சொந்தக் கிராமத்துப் பிள்ளைகள்தாம் நடிகர்கள்.

ஒரு கேமராவும் இரண்டு நண்பர்களும் இருந்தால் போதும், முழுநீளப் படம் எடுத்துவிடலாம் என்று இந்தச் செய்திக்குப் பொருள் கொண்டவர்கள் நம்மூரிலும் உண்டு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

சிறு குழுவின் முதல் பலம் செலவுக் குறைவு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் பலம் நேரம். வழக்கமான தமிழ்ப் படத்தின் யூனிட்டில் ஒரு நாள் என்பது நடிகரின் கால்ஷீட், ஜெனரேட்டர் வாடகை, யூனிட் வண்டி, நூறு பேருக்குச் சாப்பாடு, பேட்டா. மழை வந்தால் தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும். ரீமா தாஸோ மழைக்காகவே காத்திருந்தார். அவர் படத்தில் வரும் வெள்ளம் செட் போட்டு உண்டாக்கியதன்று. பிரம்மபுத்திராச் சமவெளியில் ஆண்டுதோறும் வரும் வெள்ளம். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் விட்டுவிட்டுப் படம் பிடித்ததால், கிடார் வாங்க ஆசைப்படும் அந்தச் சிறுமி தூனு நம் கண்முன்னே வளர்கிறாள். எந்தப் பெரிய கம்பெனியாலும் இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. கிறிஸ்டோபர் நோலனும் தன் முதல் படமான ‘ஃபாலோயிங்’கை (1998) இப்படித்தான் எடுத்தார். நடித்தவர்களுக்கு வாரநாட்களில் வேறு வேலை இருந்ததால் ஓராண்டுபோலச் சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. ஃபிலிம் விலையை மிச்சப்படுத்த முன்கூட்டியே நாடகம்போல ஒத்திகை பார்த்தார்கள்.

இன்னொரு பலம், கேமரா இருப்பதை ஊர் மறந்துவிடுவது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தில் மதுரைப் பக்கத்து வெயிலில் தகப்பனும் மகனும் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பொட்டலில் பத்து வேனை நிறுத்திக் குடை விரித்திருந்தால் அந்த வெறுமை கிடைத்திருக்காது.

சரி, அந்த நேரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டுமானால் தங்க வீடும் சோறு போடக் குடும்பமும் வேண்டும். மாதச் சம்பளத்தில் தங்கையின் படிப்புக்கும் அப்பாவின் மருந்துக்கும் பணம் அனுப்புகிறவனால் அது ஆகுமா? சிறு குழு சினிமா எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்கிறோம். கேமராவின் விலை குறைந்தது மெய். காத்திருப்பின் விலை குறையவில்லை.

‘நம்ம படம்தானே மச்சான்’ என்ற ஒரு சொல்லில்தான் இங்கே எத்தனையோ பேருடைய சம்பளம் கரைகிறது. உதவி இயக்குநர் கிளாப் அடிப்பார், லைட் தூக்குவார், டீ வாங்கி வருவார், வண்டி ஓட்டுவார், இரவில் காட்சிக் கோப்புகளைப் பிரதியெடுப்பார். படம் விழாவுக்குப் போனால் மேடையில் இயக்குநர் மட்டும் நிற்பார். திரைப்படத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியின் விதிமுறைகளைச் சுயாதீனப் படக்காரர்கள் சுமை என்று குறைகூறுவதை அடிக்கடி கேட்கலாம். தேவைக்கு மேல் ஆள் சேர்க்கச் சொல்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் லைட்மேனின் வேலைநேரத்துக்கும் கூலிக்கும் ஒரு கணக்கு இருப்பது அந்தச் சங்கங்களால்தான். அந்தக் கணக்குக்கு வெளியே எடுக்கும் படம் அதைவிட நியாயமாக நடக்க வேண்டாமா? கிராமத்து மக்களை நடிக்க வைக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. முகத்தைக் கொடுத்தவருக்கு அன்றைய நடவுக்கூலியாவது கிடைத்ததா என்று விமர்சகர்களாகிய நாம் கேட்பதே இல்லை.

குறைந்த செலவுப் புராணங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. ராபர்ட் ரோட்ரிகஸின் ‘எல் மரியாச்சி’ (1992) 7,000 டாலரில் எடுத்த படம் என்று இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அதற்காக அவர் மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பையே கொடுத்துப் பணம் சேர்த்தார் என்பதும் மெய்தான். ஆனால் அந்தத் தொகை படம் வீடியோ நாடாவில் வந்து நின்றவரையான செலவு. திரையரங்குக்கு ஏற்ற பிரதியும் ஒலியும் ஆக்கக் கொலம்பியா நிறுவனம் அதைப்போலப் பல மடங்கு கொட்டியது. நம்மூர்ச் சிறு படங்களிலும் பெரும்பாலும் அடிபடுவது ஒலிதான். டி.ஐ. என்ற நிறச் சீராக்கம், ஒலி மிக்ஸிங் என்று வரும்போது கை காலியாகிவிடும். மங்கலான காட்சியைப் பார்வையாளர் பாணி என்று ஏற்பார். காதில் விழாத வசனத்தை ஏற்கமாட்டார்.

இதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது, ‘வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லாமல் போவது. எழுதியவரே படம் பிடித்து, அவரே வெட்டி ஒட்டும்போது, வெயிலில் நான்கு மணிநேரம் நின்று எடுத்த ஷாட்டை எறிய மனம் வராது. ரீமா தாஸ் தன் படத்தை 87 நிமிடத்தில் முடித்தார். அந்தக் கறார் எல்லோருக்கும் வராது. நம் சுயாதீனப் படங்கள் சிலவற்றில் பொறுமை என்ற பெயரில் இருப்பது வெறும் தயக்கம்.

அடுத்தது படத்தைக் காட்டுவது. ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. நயன்தாரா, விக்னேஷ் சிவன் நிறுவனம் பின்னால் இருந்தும், தமிழ்நாட்டு மக்கள் 2023 அக்டோபரில் ஓ.டி.டி.யில்தான் அதைப் பார்த்தார்கள். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளர் சங்கமே 2018 மார்ச்சில் படவெளியீட்டை நிறுத்திப் போராடியது என்றால், ஐந்து பேர் சேர்ந்து எடுத்த படம் எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் ஜான் ஆபிரகாமை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த அவர், கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டத்தோடு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் சில்லறை திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். பணம் கொடுத்தவர்களே பார்வையாளர்கள். இன்று அதே கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் இன, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை தருகிறது. தேர்விலும் நடத்தும் முறையிலும் சர்ச்சைகள் உண்டு. ஆனாலும் குழுவுக்குச் சம்பளம் கொடுத்துச் சிறிய படம் எடுக்க அது வழி செய்திருக்கிறது.

வானிலை, பருவம், வளரும் பிள்ளை, ஒரு ஊரின் அன்றாடம் ஆகியவற்றை நம்பி நிற்கும் கதைக்குச் சிறு குழுவைவிட நல்ல கருவி கிடையாது. பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுப்பவர்கள் தங்களையும் நண்பர்களையும் சுரண்டிக்கொள்கிறார்கள். கேமரா வாடகைக்கு முன்னால் பட்ஜெட்டில் கூலி, ஒலி, திரையிடல் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். அந்த மூன்றுக்கும் தொகை தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு பொறுத்து எடுங்கள்.