ஒரு பிளேடு போதும்

திண்டுக்கல் பக்கம் கோடையில் ஷேவிங் என்பது ஒரு சொம்புத் தண்ணீர் சமாசாரம். குழாயைத் திறந்துவிட்டு ரேசரை நீட்டிக் கழுவுகிற சொகுசெல்லாம் விளம்பரத்தில் வரும் ஆசாமிக்குத்தான். நாம் சொம்புக்குள் ரேசரை விட்டு ரெண்டு கலக்குக் கலக்கி, விளிம்பில் டொக் டொக்கென்று தட்டிவிட்டு, மறுபடி கன்னத்துக்குப் போகவேண்டும்.

இந்தச் சொம்பு ஜில்லெட் கம்பெனிக்கு ரொம்ப நாள் தெரியாது. 2002-ல் ‘வெக்டர்’ என்ற இரட்டை பிளேடு ரேசரை இந்தியாவுக்குக் கொண்டுவருமுன், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரமாதம் என்றார்கள் பையன்கள். அந்த ஹாஸ்டலில் குழாய்த் தண்ணீர் கொட்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இங்கே வந்ததும் பிளேடுகளுக்கு நடுவே முடி அடைத்துக்கொண்டது. அதைத் தள்ளிவிட வைத்த பட்டையும் ஓடும் தண்ணீர் இல்லாமல் உதவவில்லை. கம்பெனி அதிகாரிகளே பின்னால் ஒப்புக்கொண்ட கதை இது.

2010-ல் ‘கார்டு’ வந்தது. அறிமுக விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். ஒரே பிளேடு, முன்னால் சீப்பு மாதிரி பற்கள், முடி வெளியேற அகலமான சந்து. மேனேஜ்மெண்ட் பேராசிரியர்கள் இதை ஏழைக்கேற்ற எள்ளுருண்டைக் கணக்கில் சேர்த்துப் பாராட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றை பிளேடு, காசில்லாதவனுக்குக் கிடைத்த குறைச்சல் சரக்கல்ல. கழுத்தில் கொப்புளம் கிளம்புகிறவனுக்கு அதுதான் சரியான சரக்கு. கம்பெனி இதைச் சொல்லாது. சொன்னால் ஐந்து பிளேடு ரேசரை யாரிடம் விற்பது?

பல பிளேடு ரேசர் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுத்து வெட்டுகிறது. அது உள்ளே திரும்புமுன் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. மிச்ச முடி தோல் மட்டத்துக்கும் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. தடவிப் பார்த்தால் வழவழ. நேர்முடிக்காரனுக்கு அதோடு சரி. சுருள்முடிக்காரனுக்கு ரெண்டு நாள் கழித்துத்தான் கச்சேரி. வெட்டின நுனி ஈட்டி மாதிரி கூராக இருக்கும். வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலிலேயே குத்தி நுழையும். உடம்பு அதை முள் ஏறின மாதிரி எண்ணிச் சண்டை போடும். சிவந்த கட்டி, அரிப்பு, நம் நிறத்துக்கு மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பு. டாக்டர்கள் இதற்கு ‘சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே’ என்று பல்லை உடைக்கிற பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்கள் பலர் இதற்காகவே ஷேவ் செய்யாமலிருக்க டாக்டர் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். நம் போலீஸ் ட்ரெயினிங்கிலும் நட்சத்திர ஹோட்டல் ரிசப்ஷனிலும் நிற்கிற சுருள்முடிப் பையன் யாரிடம் சீட்டுக் காட்டுவான்?

பிளேடு எண்ணிக்கை ஏறின கதை தனி காமெடி. 1971-ல் இரண்டு. 1975-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சி, தன் முதல் எபிசோடிலேயே மூன்று பிளேடு ரேசருக்கு ஒரு போலி விளம்பரம் போட்டுக் கிண்டலடித்தது. 1998-ல் ‘மாக் 3’ நிஜமாகவே வந்துவிட்டது. 2003-ல் போட்டிக் கம்பெனி நாலு, 2006-ல் ஜில்லெட் ஐந்து. நம்ம கார்டுக்கும் இந்த ஆசை விடவில்லை. ‘கார்டு 3’ என்று மூன்று பிளேடோடு ஒரு தம்பி வந்திருக்கிறார். வாங்கும்போது அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

பழனியில் முடிக்கொட்டகைக்குப் போனால் வேறு பாடம் கிடைக்கும். கத்தியில் செருகிய பாதி பிளேடு, ஒரு மக் தண்ணீர், அவ்வளவுதான். தலையை நன்றாக ஊறவைத்து, சின்னச் சின்ன இழுப்பாக மழித்து, சந்தனம் பூசி அனுப்பிவிடுகிறார்கள். 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணமும் இல்லை. ஊறவைப்பதுதான் அங்கே கவனிக்கவேண்டிய வித்தை. ஈரமான முடி மெத்தென்று வெட்டுப்படும். ஆனால் அதே கை சலூனில் உங்கள் கன்னத்தை இழுத்துப் பிடித்து, இரண்டாம் முறை எதிர்த்திசையில் ஓட்டும்போது, கட்டி வருகிறவர்கள் “போதும்ணே” என்று சொல்லிவிடவேண்டும். தோலை இழுத்துப் பிடித்தாலும் முடி உள்ளேதான் போகும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு அப்பா காலத்து டி வடிவ ரேசர் இன்னும் கடைகளில் இருக்கிறது. டோபாஸ், செவன் ஓ க்ளாக் பிளேடு ஒன்று டீ விலையில் பாதிகூட வராது. அழுத்தாமல், அதன் கனத்திலேயே இறங்கவிடவேண்டும். பழக ஒரு வாரம் ஆகும். பொறுமையில்லாதவர்களுக்கு அந்தப் பழைய ஒற்றை பிளேடு கார்டு. ஐந்தாறு ஷேவுக்கு மேல் எந்த பிளேடையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி, பிளேடு விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும் என்று அதே எம்.ஐ.டி. ஆட்கள் 2020-ல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். இந்தத் தடவையும் மாணவர் தாடியில்தான் தொடங்கினார்கள், ஆனால் முடியையே பரிசோதித்தது நல்லது.

திண்டுக்கல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தோல் ஷாப்புக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர் உங்களுடையது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும். நுரையில்லாத கன்னத்தில் எந்த ரேசரும் அறுக்கத்தான் செய்யும். நுரை கட்ட மட்டும் குடிக்கிற தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் திட்டினாலும் பரவாயில்லை. கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போதும்.

ஏற்கெனவே கட்டி வந்தவர்கள் ஒரு மாசம் ரேசரைத் தொடாமல், ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது உத்தமம். சீழ் வைத்தால் தோல் டாக்டர். ஷேவ் ஆனதும் ரேசரை ஈரத்தோடு சோப்புப் பெட்டியில் போடாமல் உதறிக் காயவிடவேண்டும். கார்டின் கைப்பிடியில் தொங்கவிட ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஆணி மட்டும் உங்கள் செலவு.